காரைக்குடியிலிருந்து மலேசியாவுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சியின் சேவை: எங்கள் அனுபவமும் ஐந்தொகையும்

மலேசியாவில் உணவக வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒரு டிராவல்ஸ் நிறுவனத்தின் சேவையை என் அக்காள் மகன் பயன்படுத்தினான். காரைக்குடியில் இயங்கும் அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருப்பது ஒரு காரணம். இதே முறையில் ஆள் அனுப்பும் கடைகள் இந்த வட்டாரத்தில் பல இருக்கும்போது, ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் போய்ப் பணத்தைக் கட்டுவதால் யாருக்கும் பயனில்லை என்பது இன்னொரு காரணம். பெயரைவிட அந்தச் சேவை நடக்கும் முறையைத் தெரிந்துகொள்வதே பணம் கட்டப் போகும் குடும்பத்துக்கு உதவும் என்று கருதி இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடையின் முகத்தைச் சொல்லிவிடுகிறேன். குளிர்சாதன அறை, சுவரில் இரட்டைக் கோபுரத்தின் பெரிய படம், பாஸ்போர்ட் விண்ணப்பமும் விமான டிக்கெட்டும் செய்து தரும் இரண்டு பெண் ஊழியர்கள், உள்ளறையில் உரிமையாளர். டிக்கெட் எடுத்துத் தருவதில் அவர்கள் மீது எந்தக் குறையும் இல்லை. எங்கள் உறவில் பலர் அங்கேதான் எடுக்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் பேச்சு மட்டும் உள்ளறையில் நடக்கும். அதற்கு நோட்டீஸ் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், இரண்டு நாளில் அழிக்கப்படும். சுவரில் எங்கு தேடினாலும் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஆள் எடுப்பு முகவர்களுக்குக் கொடுக்கும் பதிவுச் சான்று இல்லை. 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, அந்தப் பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். சப் ஏஜென்ட் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவருக்கு அந்தச் சட்டத்தில் இடமே கிடையாது.

அக்காள் மகனான என் மருமகனுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. பத்தாம் வகுப்புத் தேறி, கேட்டரிங் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, காரைக்குடி மெஸ் ஒன்றில் புரோட்டா மாஸ்டருக்கு உதவியாளாக மாதம் 14,000 ரூபாய்க்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஏஜென்சி சொன்னது இது: கோலாலம்பூருக்கு அருகே உள்ள கிள்ளான் பக்கம் ஒரு தமிழர் உணவகம், மாதம் 1,800 ரிங்கிட் சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், இரண்டு ஆண்டு பெர்மிட். கட்டணம் 1,75,000 ரூபாய். காலிங் விசாவுக்கு (முன்கூட்டியே அனுமதி பெற்று வேலைக்கு அழைக்கும் விசா) காத்திருந்தால் மாதக்கணக்கில் ஆகும் என்றும், விசா இல்லாமலே போய் இறங்கினால் அங்கே வைத்துப் பெர்மிட் அடித்துத் தருவார்கள் என்றும் சொன்னார்கள். என் அக்காள் நகையை அடகு வைத்து 75,000 ரூபாயும், நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டிக்கு ஒரு லட்சமும் புரட்டிக் கொடுத்தார். ரசீது கேட்டதற்கு, விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள், கையெழுத்து இல்லை.

இந்த வாக்குறுதியின் ஒவ்வொரு பகுதியும் பணம் வாங்கிய நாளிலேயே நிறைவேற முடியாததாக இருந்தது என்பதுதான் இந்த மதிப்பீட்டில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்று மலேசியா அறிவித்தது 2023 டிசம்பர் 1 முதல். அது சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்ப்பதற்குமான சலுகை, வேலைக்கானது அன்று. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான புதிய ஒதுக்கீட்டு விண்ணப்பங்களை மலேசிய அரசு 2023 மார்ச் மாதமே நிறுத்தி வைத்திருந்தது. ஏற்கெனவே அங்கே ஆவணமின்றி இருந்தவர்களை முறைப்படுத்துவதற்காக நடந்த ரெக்காலிப்ராசி 2.0 என்ற திட்டத்தின் பதிவும் 2023 டிசம்பர் 31 அன்று முடிந்துவிட்டது. எங்கள் பிள்ளை திருச்சியில் விமானம் ஏறியது 2024 ஜனவரியில். ஆகவே, அவனுக்கு அடித்துத் தருவதாகச் சொன்ன பெர்மிட்டுக்கு எந்த வாசலும் திறந்திருக்கவில்லை. நாள்தோறும் மலேசியாவுடன் தொழில் செய்யும் ஒருவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

புறப்படும் முன் கொடுத்த ‘பயிற்சி’யையும் சொல்ல வேண்டும். குடிநுழைவு அதிகாரி கேட்டால் பத்துமலை முருகன் கோயிலுக்கு வந்திருப்பதாகச் சொல்லச் சொன்னார்கள். திரும்பும் டிக்கெட்டும் மூன்று நாள் ஹோட்டல் புக்கிங்கும் கையில் கொடுத்தார்கள். அவன் வெளியே வந்தவுடன் இரண்டும் ரத்துசெய்யப்பட்டன. எந்தக் கவுண்டரில் நிற்க வேண்டும் என்பதுகூடச் சொல்லப்பட்டது. கோலாலம்பூர் விமான நிலையத்தில் ‘கவுண்டர் செட்டிங்’ என்ற பெயரில் நடந்த லஞ்சத்தைப் பற்றி மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் 2024 இல் குடிநுழைவு அதிகாரிகளைக் கைதுசெய்து விசாரித்த செய்தியைப் பிறகு படித்தபோதுதான், கட்டணத்துக்குள் ‘அந்தப் பக்கத்துச் செலவு’ என்று அவர்கள் சேர்த்திருந்தது எதுவாக இருந்திருக்கக்கூடும் என்ற ஐயம் எனக்கு எழுந்தது.

நியாயமாகச் சொன்னால், பயணம் வரை அவர்கள் சொன்னபடியே நடந்தது. விமானம் சரியான நேரத்தில் போனது, வெளியே கார் காத்திருந்தது, அன்றிரவே உணவகத்துக்கு மேலே இருந்த அறையில் ஒரு பாய் கிடைத்தது. மறுநாள் காலையில் பெர்மிட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். சம்பளம் 1,800 இல்லை, 1,300 ரிங்கிட் என்று அப்போதுதான் சொன்னார்கள். அதிலும் பெர்மிட் செலவு என்று மாதாமாதம் 200 ரிங்கிட் பிடித்தார்கள். ஒரு நாளில் பதின்மூன்று மணி நேர வேலை. மாதத்தில் ஒரு நாள் விடுமுறை. முப்பது நாள் கழிந்த பிறகு அவன் அந்த நாட்டின் சட்டப்படி குற்றவாளி ஆகிவிட்டான். அனுமதிக் காலம் முடிந்தும் தங்கியிருப்பதற்கு அங்கே 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அனுமதிச் சீட்டே இல்லாமல் நுழைந்தவருக்கு ஆறு பிரம்படி வரை கூடுதலாக உண்டு. இந்தச் செய்தியை எங்கள் உள்ளறை உரிமையாளர் ஒரு முறையும் வாய் திறந்து சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றை அவன் தவணை தவணையாகத்தான் சொன்னான். கையில் சூடான எண்ணெய் பட்டபோது அரசு மருத்துவமனைக்குப் போகவில்லை. ஆவணமற்றவர் வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அங்கே மருத்துவமனைகளுக்கு 2001 ஆம் ஆண்டிலிருந்தே சுற்றறிக்கை இருக்கிறது. மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு மறுநாளும் கல்லடுப்பில் நின்றான். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் விபத்துக் காப்பீடு உண்டு; பெர்மிட் இல்லாதவன் அதில் பதிவாக முடியாது. வங்கிக் கணக்கு இல்லாததால் பணம் உண்டியல் (வங்கியைத் தவிர்த்து ஆட்கள் மூலம் பணம் அனுப்பும் முறை) வழியாகத்தான் ஊருக்கு வந்தது. தெருமுனையில் ரெய்டு என்று யாராவது சொன்னால் பின்வாசல் வழியே ஓடி, அடுத்த கடையின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் அவனுடைய அப்பத்தா இறந்தபோது, பாஸ்போர்ட் கையில் இல்லாததால் அவன் வர இயலவில்லை. “அங்க போயி யாருக்கும் தெரியாம ஒளிஞ்சுக்கிட்டு இருந்தேன் மாமா” என்று அவன் சொன்னபோது என் அக்காள் எழுந்து உள்ளே போய்விட்டார்.

முதலாளியின் பக்கத்துக் கணக்கையும் பார்க்காமல் இந்தச் சேவை யாருக்கு உழைக்கிறது என்பது விளங்காது. 2024 இல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட். சேவைத் துறையில் சட்டப்படி ஒரு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ள, தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு 1,850 ரிங்கிட் லெவி (அரசுக்குச் செலுத்தும் வரி) கட்ட வேண்டும். 2018 முதல் அதை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது விதி. மாதத்துக்கு 200 ரிங்கிட் சம்பளக் குறைவும் லெவியும் சேர்ந்து, எங்கள் பிள்ளை ஒருவனால் மட்டும் ஆண்டுக்கு 4,250 ரிங்கிட், அன்றைய மதிப்பில் 76,000 ரூபாய்க்கு மேல் அவருக்கு மிச்சம். 2023 முதல் அங்கே வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை நேரம். அதைத் தாண்டிய உழைப்புக்கு அவன் பெற வேண்டிய ஓவர்டைம் கூலியும், பெர்மிட் செலவு என்று மாதாமாதம் பிடித்த 200 ரிங்கிட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆவணமற்றவரை வேலைக்கு வைத்தால் ஒரு தலைக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டுதான். ஆனாலும் பிடிபடும் நாளில் முதலில் கைவிலங்கு விழுவது தொழிலாளிக்கு என்ற தைரியத்தில்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

அந்தச் சமையலறையில் அவனுக்கு முன் வேலை பார்த்தவர் மலேசியாவில் பிறந்த ஒரு தமிழர். 1,800 ரிங்கிட்டும் வாரம் ஒரு நாள் விடுப்பும் கேட்டதால் அவரை நிறுத்திவிட்டு இவனை வைத்தார்கள் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான்கு தலைமுறைக்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நகரத்தில் கூலி உயர்வு கேட்கும்போது, அந்தக் கோரிக்கையை முறிக்கும் கருவியாக நம் பிள்ளைகள் அனுப்பப்படுகிறார்கள். அவர்களுக்கு நம்மவர்கள் மீது கோபம் வந்தால் அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். லெவியும் முழுச் சம்பளமும் கொடுத்துக் கடை நடத்துகிற பக்கத்துத் தெரு உணவகக்காரரும் இதே வழியில் தண்டிக்கப்படுகிறார். அவருடைய ரொட்டி சானாயின் (அங்கே விற்கும் புரோட்டா) விலை இவருடையதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க முடியும்.

கப்பலேறிய வரலாறு நம் ஊருக்குப் புதிதன்று. காரைக்குடிப் பக்கத்துக் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நிற்கும் நகரத்தார் வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை; அவற்றுக்கான பணத்தில் மலாயாவில் கொடுத்து வாங்கிய வட்டியும் உண்டு. அதே காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கூலிகளின் கதை வேறு. ஆள் திரட்டிச் செல்லும் கங்காணிக்குப் பட்ட கடனோடு போய் இறங்கியவன் அந்தக் கடனை அடைக்கும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாத நிலை இருந்தது. அதன் கொடுமை பெரிதாகி, 1907 இல் மலாயாவின் பிரிட்டிஷ் நிர்வாகமே தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அமைத்து, தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, கூலியின் பயணச் செலவை அதிலிருந்து கொடுத்தது. ஆளை அழைப்பவனே வழிச்செலவைக் கொடுக்க வேண்டும் என்ற அந்தக் கொள்கை முதலாளிகளின் வசதிக்காகவே வந்தது என்றாலும், கூலி கடனில்லாமல் போய் இறங்க முடிந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு, காரைக்குடியின் ஒரு குளிர்சாதன அறையில் அந்தச் செலவு மறுபடியும் தொழிலாளியின் தலையில், மூன்று வட்டியோடு ஏற்றப்படுகிறது.

இனி எங்கள் ஐந்தொகை. ஒன்பது மாதம் வேலை. ஏழு மாதத்துக்கு மட்டும் சம்பளம் கிடைத்தது. வீட்டுக்கு மாதம் 15,000 வீதம் அனுப்பியது 1,05,000 ரூபாய். செலவுப் பக்கத்தில், ஏஜென்சிக்கு 1,75,000. வட்டிக் கடனுக்குப் பத்து மாத வட்டி 30,000. திரும்பி வரும்போது மலேசிய அரசின் தாயகம் திரும்பும் திட்டத்தின் கீழ் கட்டிய 500 ரிங்கிட் தண்டத்தொகையும் டிக்கெட்டும் மற்றச் செலவும் சேர்ந்து 25,000. ஆக 2,30,000. நிகர நட்டம் 1,25,000 ரூபாய். புகாருக்குப் பின் திரும்பக் கிடைத்த 30,000 ரூபாயை இதில் கழிக்கவில்லை; அடகு வட்டியும் சேரவில்லை. பழைய மெஸ்ஸிலேயே இருந்திருந்தால் அந்தப் பத்து மாதத்தில் அவன் பெற்றிருக்கக்கூடிய 1,40,000 ரூபாயும் சேரவில்லை. தங்கையின் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தாயகம் திரும்பும் அந்தத் திட்டம் 2024 மார்ச் முதல் டிசம்பர் வரை நடந்ததால்தான் வழக்கும் தடுப்பு முகாமும் இல்லாமல் அவன் ஊர் வந்து சேர முடிந்தது.

திரும்பி வந்து பழைய மெஸ்ஸில் வேலை கேட்டான். அங்கே அவன் இடத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன், ஒப்பந்தக்காரர் மூலம், இவனைவிடக் குறைந்த கூலிக்கு நின்றுகொண்டிருந்தான். அந்தப் பையனைக் கள்ளத்தனமாக வந்தவன் என்று பேசுவது பெரும் தவறு. அவன் தன் சொந்த நாட்டுக்குள் எங்கும் வேலை செய்யும் உரிமையுள்ள குடிமகன். ஆனால் அவனுடைய கூலியில் ஒரு பகுதி ஒப்பந்தக்காரருக்குப் போகிறது, சமையலறைக்குப் பின்னாலேயே படுக்கிறான், முன்பணத்தைக் கழிக்கும்வரை ஊருக்குப் போக முடியாது. கிள்ளானில் என் மருமகன் பட்டதை இங்கே அவன் படுகிறான். செட்டிநாட்டுச் சாப்பாட்டை இலை போட்டுப் பரிமாறும் உணவகங்களைப் பாராட்டி எழுதும்போது, உள்ளே மசாலா வறுக்கிறவனுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதையும் நாம் கேட்டு எழுத வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

முறையான வழி எவ்வளவு ஆகும் என்பதையும் ஒப்பிட்டுவிடுகிறேன். பதிவுபெற்ற முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 35,400. அதற்கு மேல் கேட்பவர் பதிவுபெற்றவராகவே இருந்தாலும் விதியை மீறுகிறார். பெரிய முகவர்கள் 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் கொடுத்துத்தான் பதிவுபெற முடியும் என்பதால், ஏமாற்றினால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று அரசிடம் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் முகவரின் பெயரையோ பதிவு எண்ணையோ கொடுத்துத் தேடினால், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான் பிரீமியம். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய். 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நேரடியாக ஆள் எடுத்து அனுப்புகிறது. எங்கள் வட்டாரத்தில் பல பெற்றோருக்கு அப்படி ஒரு நிறுவனம் இருப்பதே தெரியவில்லை.

இந்த முறையான வழியிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி பெற வேண்டியவர்கள், பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேறாதவர்களே. தேறியவரின் பாஸ்போர்ட்டுக்கு அந்த அனுமதி வேண்டாம். படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்ற எண்ணத்தில் வந்த இந்த விதியால், தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் பத்தாவது தேறிவிடும் காலத்தில், பாதுகாப்பு யாருக்குத் தேவையோ அவர்களே அதன் வெளியில் நிற்கிறார்கள். என் மருமகனும் அப்படித்தான் எந்த அரசுப் பதிவிலும் விழாமல் நாட்டை விட்டுப் போனான்.

இணையத்தில் அந்த ஏஜென்சிக்கு ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். “சொன்ன தேதியில் ஏற்றிவிட்டார்கள்”, “ஏர்போர்ட் வரை வந்தார்கள்” என்பதே அவற்றின் சாரம். பெரும்பாலானவை புறப்படும் நாளில் எழுதப்பட்டவை. முதல் சம்பளம் வாங்கிய பிறகோ பெர்மிட் கையில் வந்த பிறகோ எழுதப்பட்டது ஒன்றும் என் கண்ணில் படவில்லை. டிக்கெட் சேவைக்கு நானும் நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். வேலைவாய்ப்புச் சேவைக்கு ஒன்றும் கொடுக்க முடியாது. அது சேவையே இல்லை, இளைஞர்களைச் சட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு அதற்குக் கட்டணமும் வாங்கும் தொழில். புகார் கொடுத்த பின் 30,000 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். மீதிக்குத்தான் வழக்கு.

இப்போது அங்கே இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. முதலாளி பாஸ்போர்ட்டைத் தர மறுத்தால், கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போகலாம். நாடு திரும்புவதற்கு மட்டும் செல்லுபடியாகும் எமர்ஜென்சி சர்டிபிகேட்டை அங்கே கொடுக்கிறார்கள். பழைய பாஸ்போர்ட்டின் நகலும் ஊரில் எடுத்த ஆதார் நகலும் இருந்தால் வேலை விரைவாக முடியும் என்பதால், வீட்டில் இருப்பவர்கள் அவற்றை இன்றே படமெடுத்து அனுப்பி வையுங்கள். கொடுத்த பணத்துக்கு ஆதாரமாக ஜிபே பதிவு, வாட்ஸ்அப் குரல் செய்தி, கார்டின் பின்புறத்தில் எழுதியது என எது இருந்தாலும் அழிக்காதீர்கள். எங்கள் புகாரில் இன்றுவரை நிற்பது அந்த ஒரு விசிட்டிங் கார்டும், “பெர்மிட் அடுத்த வாரம் வந்துரும்” என்று உரிமையாளர் அனுப்பிய குரல் பதிவும்தான்.